தட்டிப் பார்க்காத தூண்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார், பிறகுதான் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பார். விரலை மடக்கி இரண்டு தட்டு. தட்டிவிட்டுக் காதைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்வார். "உள்ள யாராவது இருக்காங்களா அத்தான்?" என்று நான் கேட்பேன். "கூப்பிட்டுப் பாத்தேன், யாரும் வரலை. செங்கல் நல்லா அசந்து தூங்குது" என்பார். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் அப்பாவுக்கு வணக்கம் சொல்வதற்கு முன்னால் மாடிப்படி அடிச்சுவரைத் தட்டிவிட்டார். அப்பாவின் முகம் சுருங்கிப்போனது. அக்கா மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விழுந்தவர்தான் அவர். விழுவதற்கு எதிராக அவர் ஒன்றும் செய்யாமல் விட்ட ஒரே இடம் அதுதான் என்று நான் கேலி செய்வதுண்டு.

அவருடைய வேலையே அதுதான். அரசாங்கக் கட்டட அலுவலகத்தில் பொறியாளர். நிலம் நடுங்கினால் எந்தக் கட்டடம் நிற்கும், எது உட்காரும், எதை எவ்வளவு செலவில் நிற்க வைக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். "விழாத வீடு கட்ட யாராலயும் முடியும். கையில இருக்கற காசுக்குள்ள விழாத வீடு கட்டறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். சொந்த வீடு கட்டும்போது மட்டும் அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. மாடி எடுக்க வைத்திருந்த பணத்தை எல்லாம் அஸ்திவாரத்திலும் கம்பியிலும் போட்டுப் புதைத்துவிட்டார். "ஊர்ல எல்லாரும் காசை வெளிய தெரியற மாதிரி செலவு பண்ணுவாங்க. இந்த மனுஷன் சுவத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கார்" என்று அக்கா இன்றும் புலம்புவாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டு எழுதத் தொடங்கியதே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இப்போது எந்தச் சுவரையும் தட்டுவதில்லை. வருகிறார், நாற்காலியில் உட்காருகிறார், கொடுத்ததைக் குடிக்கிறார், போகிறார். அதற்குப் பாதிக் காரணம் நான். எந்தப் பாதி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை, இரண்டாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று இரண்டு கட்டடங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் வகுப்பு மேற்குக் கட்டடத்தில், கீழ்த்தளத்தில். வகுப்புக்கு வெளியே நீளமான நடைபாதை. நடைபாதையின் ஓரத்தில் தூண்கள், தூணுக்கும் தூணுக்கும் நடுவே பிள்ளைகள் வெளியே விழாமலிருக்க இடுப்பளவுச் சுவர். அந்தச் சுவர் தூணை ஒட்டாது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து விட்டிருந்தார்கள். கொத்தனார் அளவு தெரியாமல் சுவரைக் குட்டையாகக் கட்டிவிட்டார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தானின் மகளும் என் வகுப்பில்தான் படித்தாள். ஒருநாள் அவளை அழைத்துப்போக வந்தவர் அந்தச் சந்தில் இரண்டு விரலை நுழைத்துவிட்டு அப்படியே நின்றார். ஏதோ பழைய சிநேகிதனைப் பார்த்துவிட்ட மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது.

"இந்தக் கட்டடத்துலயே உருப்படியான விஷயம் இதுதான், டீச்சரம்மா."

"ஓட்டையா?"

"ஓட்டைதான். பஸ் குலுங்கும்போது உன் இடுப்பை யாராவது இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா என்ன ஆகும்? மொத்தக் குலுக்கலும் மேல்பாதிக்கு வந்துடும். தூணுக்கும் அப்படித்தான். சுவர் ஒட்டி நின்னா தூணைப் பாதியில பிடிச்சுக்கும், மேல்பாதி முறிஞ்சிடும். இந்தச் சந்து இருந்தாத்தான் தூண் முழுசா ஆடித் தப்பிக்கும். கட்டினவன் எவனோ விஷயம் தெரிஞ்சவன்."

நான் "ம்" என்றேன். அத்தான் சுவர் பேச்சை எடுத்தால் நாங்கள் எல்லோரும் "ம்" என்றுதான் சொல்வோம். என் கவனமெல்லாம் மை கொட்டிய ஒருவனின் சட்டை மேல் இருந்தது. இடுப்பு, பஸ் என்று ஏதோ சொன்னார் என்பது மட்டும் மனசின் ஒரு மூலையில் கிடந்தது.

அந்தச் சந்துகள் என் உயிரை வாங்கின. எட்டு வருஷம் வாங்கின. பென்சில் சீவல், மிட்டாய்க் காகிதம், பிடிக்காத மதியச் சாப்பாடு, எல்லாம் அதற்குள்தான் போகும். மழைக்காலத்தில் நாறும். கடைசியில் குளவி கூடு கட்டி ஒரு பையனின் உதட்டைக் கொட்டிவிட்டது. உதடு வீங்கிப்போய் அவன் அம்மா வந்து என்னைப் பிடிபிடி என்று பிடித்தாள். அந்த வருஷக் கடைசியில், விடுமுறையில், குழாயடித் தளம் போட ஒரு கொத்தனார் வந்தார். "அப்படியே என் வகுப்பு முன்னால இருக்கற இந்தத் தூணோரச் சந்தையும் அடைச்சிடுங்களேன்" என்றேன். யாரிடமும் கேட்கவில்லை. காரை மறுபக்கம் வழியாமலிருக்க நடுவில் ஏதாவது திணிக்க வேண்டும் என்றார். அந்த வருஷத்துக் கணக்குப் பரீட்சைத் தாள்களைக் கட்டாக எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் உள்ளங்கை ஆழத்துக்குக் காரையைக் குத்திக் குத்தி அடைத்துப் பூசினார். வாரக் கடைசியில் பெயிண்டும் அடித்தாயிற்று. பெரிய டீச்சர், அதாவது எங்கள் தலைமையாசிரியை, "நடைபாதை இப்பத்தான் மனுஷங்க நடமாடற இடம் மாதிரி இருக்கு" என்று பாராட்டினார். நானும் பூரித்துப்போனேன்.

ஒன்பது மாதம் கழித்து அத்தான் மறுபடி வந்தார். இந்த முறை கையில் ஒரு அட்டை, அட்டையில் ஒரு படிவம். பக்கத்து மாவட்டத்தில் நில நடுக்கம் வந்து ஒரு பள்ளிக்கூடம் தரையோடு தரையாகிப் போனதிலிருந்து அரசாங்கத்துக்கு விழிப்பு வந்திருந்தது. பள்ளிக் கட்டடங்களைப் பலப்படுத்தப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் எங்கள் பள்ளியின் பங்கு ஒரு கட்டடத்துக்குத்தான் காணும். மற்றது அடுத்த தவணையில். படிவத்தில் இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். எந்தக் கட்டடம் அதிகம் வாங்குகிறதோ அதற்கு ஆபத்து அதிகம், அதற்கு முதலில் வேலை. "கூட மார்க் வாங்கினவங்களைப் பாத்துப் பயப்பட வேண்டிய ஒரே பரீட்சை இதுதான்" என்று சொன்னேன். வழக்கமாகச் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை.

அவர் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு கிழக்குக் கட்டடத்தில், மாடியில்.

கிழக்கை முதலில் முடித்துவிட்டு மேற்குக்கு வந்தார். வழியெல்லாம் தட்டிக்கொண்டே வந்தார். நடைபாதையில் என் வகுப்புக்கு எதிரே இருந்த மூன்றாவது தூணுக்கு வந்ததும் நின்றார். அவருடைய இரண்டு விரல்களும் பழக்கத்தில் தானாக நீண்டு, நுழைய இடமில்லாமல் புதுப் பெயிண்ட் மேல் முட்டி நின்றன.

"இங்க சந்து இருந்துச்சே?"

பஸ்ஸும் இடுப்பும் அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்தன. யாரைக் கேட்டு அடைத்தாய் என்பார், பெரிய டீச்சரைக் கூப்பிடுவார், அவர் கையாலேயே என் பெயர் அந்தப் படிவத்தில் ஏறும் என்று பயந்தேன்.

"உள்ள அப்படியேதான் இருக்கு அத்தான். பிள்ளைங்க குப்பை போடறாங்கன்னு மேல மட்டும் லேசாப் பூசியிருக்கு."

"லேசாத்தானே?"

"லேசாத்தான்."

கிழக்குக் கட்டடத்து மாடியிலிருந்து மூன்றாம் வகுப்பு ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் வந்தது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தட்டுவதற்கு மடக்கிய விரல் மடங்கியபடியே இருந்தது. பிறகு அந்தக் கை சட்டைப் பைக்குப் போய்ப் பேனாவை எடுத்தது. படிவத்தில் பார்த்தேன்: "தூணுக்கும் சுவருக்கும் இடைவெளி: உள்ளது." அதற்கு மதிப்பெண் பூஜ்யம். இல்லை என்று எழுதியிருந்தால் ஐந்து.

கிழக்குக்கு முப்பத்தொன்பது, மேற்குக்கு முப்பத்தெட்டு.

நீ உட்கார்ந்து பாடம் நடத்துகிற கட்டடத்தைப் பற்றியே எப்படிப் பொய் சொன்னாய் என்று கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிலம் நடுங்கும் என்று நான் நம்பவே இல்லை, அதுதான் உண்மை. நடுக்கம் என்பது அத்தானின் உத்தியோகம், அவ்வளவுதான். அந்த வாய்ப்பாட்டுச் சத்தம் என் காதிலும் விழுந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதில் என் அக்கா மகளின் குரல் தனியாகக் கேட்டது. அவள் எப்போதும் அரை வார்த்தை முந்திக்கொண்டு சொல்வாள்.

கோடை விடுமுறையில் கிழக்கே வேலை நடந்தது. தூண்களைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றினார்கள். ஒல்லியாக இருந்த தூணெல்லாம் குண்டாகிவிட்டது. பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடிக்கப் போட்டி போட்டார்கள். எங்கள் பக்கம் அடுத்த தவணைக்குக் காத்திருந்தது.

பள்ளி திறந்து ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால், நிலம் நடுங்கியது. கடன் வாங்கிக் கழித்தல் நடத்திக்கொண்டிருந்தேன். சாக்பீஸ் பெட்டி மேஜையில் தானாக நகர்ந்து விழுந்தது. பயிற்சி கொடுத்திருந்தபடி முப்பத்தொரு பிள்ளைகளும் மேஜைக்கு அடியில் போனார்கள். நடுக்கம் நின்றதும் அவர்களை வரிசையாக நடைபாதைக்குக் கொண்டுவந்தேன். அப்போது இரண்டாவது முறை குலுக்கியது. கட்டடம் விழவில்லை. மூன்றாவது தூண் மட்டும், சுவர் முடிகிற இடத்துக்கு மேலே, பெருக்கல் குறி போட்ட மாதிரி வெடித்தது. காரையும் கான்கிரீட் துண்டுகளும் பொலபொலவென்று கொட்டின. வரிசையில் கடைசியாக வந்தவள் நாங்கள் வாலு என்று கூப்பிடும் பெண். பென்சில் பெட்டியை எடுக்க ஓடிப்போய்விட்டு வந்ததால் கடைசி. ஒரு கான்கிரீட் துண்டு அவள் வலது முழங்கையில் விழுந்தது.

கிழக்குக் கட்டடத்தில் ஒரு பல்பு கூட உடையவில்லை.

வாலுவுக்கு இரண்டு முறை அறுவை செய்தார்கள். கை இருக்கிறது. ஆனால் முழங்கை மடங்காது, விரல்களில் பிடிப்பு இல்லை. இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்து இடது கையால் எழுதப் பழகினாள். எழுத்தெல்லாம் காற்றில் சாய்ந்த செடி மாதிரி ஒரே பக்கம் படுத்திருக்கும். தினமும் அதைத் திருத்துகிறவள் நான்தான்.

விசாரணைக்கு மூன்று அதிகாரிகள் வந்தார்கள். வெடித்த தூணுக்குப் பக்கத்தில் அத்தானையே உளி வைத்துக் கொத்தச் சொன்னார்கள். பெரிய டீச்சர், நான், வாலுவின் அம்மா எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். காரை கெட்டியாக, ஆழமாக இருந்தது. உள்ளங்கை ஆழம் போனதும் காகிதம் வெளியே வந்தது. ஒரு தாள் சுருண்டு அவர் காலடியில் விழுந்தது. பழுப்பேறிப்போன கணக்குத் தாள். ஓரத்தில் சிவப்பு மையில் என் கையெழுத்து, தேதியோடு. நான் பார்த்தேன். அவரும் பார்த்தார். குனிந்து எடுத்து, உள்ளே எட்டிப் பார்த்த மற்ற தாள்களையும் சேர்த்து உருவி, சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

"என்ன அது?" என்றார் ஒரு அதிகாரி.

"பழைய காகிதம் சார். குப்பை."

"இடைவெளி உள்ளதுன்னு எழுதியிருக்கீங்க. எப்படி எழுதினீங்க?"

"தட்டிப் பாக்கலை சார். பழைய ஞாபகத்துல எழுதிட்டேன்."

"ஏன் தட்டிப் பாக்கலை?"

அத்தான் உளியைக் கீழே வைத்தார். "என் பொண்ணு கிழக்குக் கட்டடத்துல படிக்கறா சார்" என்றார்.

வாலுவின் அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது. வாய் வரை வந்தது என்று கூடப் பொய் சொல்ல மாட்டேன். வரவில்லை.

அவரைக் களப்பணியிலிருந்து எடுத்து, பழைய கோப்புகள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு போயிற்று. அக்கா வீட்டில் ரகளை. "தட்ட மறந்துட்டேன்னு சொல்லித் தொலைச்சா என்ன? பெத்த பொண்ணை எதுக்கு இழுத்தார்? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க அவகிட்ட உன்னாலதான்னு சொல்றாங்களாம்!" என்று என்னிடம்தான் வந்து அழுதாள். என்னிடம்தான் அழுவாள், வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

ஒரு மாதம் தாங்கினேன். பிறகு ஒரு மத்தியானம் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவருடைய அலுவலகத்துக்குப் போனேன். கோப்பு அறையில் ஜன்னல் இல்லை. கூரை வரை இரும்பு அலமாரிகள். மனுஷன் அவற்றையெல்லாம் ஒன்றோடொன்று கம்பி போட்டுச் சுவரோடு கட்டியிருந்தார். சரிந்து விழாமலிருக்க. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அத்தான், அந்தக் காகிதம்..."

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு உறையை எடுத்து வைத்தார். உள்ளே தாள்கள். "இவன் ஏழுல மூணு போனா அஞ்சுன்னு போட்டிருக்கான். நீ சரின்னு விட்டிருக்கே" என்றார். வேறு எந்த நாளாக இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

"நான் பொய் சொல்லிட்டேன் அத்தான். என் பொய்யை நம்பித்தானே..."

"நம்பலைம்மா."

நான் தாளிலிருந்து நிமிர்ந்தேன்.

"இருபது வருஷமா சுவத்தைத் தட்டறவன். புதுப் பூச்சைப் பாத்தா எவ்வளவு ஆழம்னு எனக்குத் தெரியாதா? தட்டினா தெரிஞ்சிடும்னுதான் தட்டலை. யாராவது லேசாத்தான்னு சொல்ல மாட்டாங்களான்னு நின்னேன். நீ சொன்னே. எழுதிட்டேன்." மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டே பேசினார். "இதுல கொடுமை என்ன தெரியுமா? அந்தச் சந்தைத் திரும்பத் திறக்க ஒரு ஆள், ஒரு உளி, ரெண்டு நாள். அதுக்கு அரசாங்கப் பணமே வேண்டாம். இருக்குன்னு எழுதினதை நிஜமாவே இருக்கற மாதிரி செஞ்சிட்டுப் போயிருக்கலாம். கிழக்கும் நின்னிருக்கும், மேற்குத் தூணும் நின்னிருக்கும். கம்மிச் செலவுல காப்பாத்தறதுதானே என் வேலை? கம்மியிலும் கம்மி அதுதான். ஆனா தட்டிப் பாத்தாத்தான் அது தோணும். தோணவே கூடாதுன்னு கையை மடக்கிக்கிட்டேன்."

"அப்ப இதை எதுக்கு மறைச்சீங்க?"

"அந்தப் பொண்ணோட ஒரு கைக்குப் பதில் சொல்ல ரெண்டு பேர் எதுக்கு? ஒருத்தன் போதும்."

எனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. என் தப்பையும் சேர்த்து இவர் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நான் எதை வைத்துக்கொண்டு வாலுவின் முகத்தில் விழிப்பது? உறையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் தடுக்கவில்லை.

விசாரணை அதிகாரிகளுக்கு எழுதினேன். சந்தை அடைக்கச் சொன்னது நான், கேட்டபோது பொய் சொன்னதும் நான், இதோ தாள்கள் என்று எல்லாம் எழுதி, ஒரே ஒரு தாளை மட்டும் என்னிடம் வைத்துக்கொண்டு மற்றதை இணைத்து அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: விசாரணை முடிந்து கோப்பு மூடப்பட்டது. அத்தான் அந்த ஜன்னலில்லாத அறையிலேயே இருந்தார். பதில் கடிதத்தின் நகலைக் கோப்பில் சேர்த்ததும் அவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

மிச்சமிருந்தது ஒரு இடம்தான். பள்ளி விட்டதும் வாலுவின் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அம்மா துணி தைப்பவள். மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வாலு கட்டிலில் படுத்துக்கொண்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவளை வெளியே விளையாடப் போகச் சொல்லிவிட்டு, மடித்து வைத்திருந்த தாளை விரித்து மிஷின் பலகை மேல் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். குளவி, கொத்தனார், லேசாத்தான் என்ற வார்த்தை, எதையும் விடவில்லை. மன்னிப்பும் கேட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றே இருந்தது.

அவள் தையலை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதை இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க டீச்சர்?"

"நீங்க அத்தான் மேல... அவர் மேல மட்டும் கோவமா இருக்கீங்க. அது நியாயமில்லைன்னு..."

"அந்த சார் மேல கோவப்படறது எனக்குச் சுலபமா இருந்துச்சு. அவரை நான் இனிமே பாக்கப் போறதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "உங்க மேல எப்படிக் கோவப்படுவேன்? என் பொண்ணு இன்னும் மூணு மாசம் உங்க கிளாஸ்லதானே உக்காரணும்? இடது கையால எழுதறதை நீங்கதானே பாத்துச் சொல்லித் தரணும்? எனக்குக் கட்டுப்படியாகாது டீச்சர்."

தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போட்டாள். குடித்தேன்.

கிளம்பும்போது வாலு வாசலில் நோட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் முழுக்கக் கழித்தல் கணக்கு, எல்லா எண்ணும் சாய்ந்து. "சரியா டீச்சர்?" என்றாள். உள்ளே மிஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. அவள் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டேன்.